நீட்சிகளும் நிரலரின் அறிவும்

நுழையும்முன்

கருவிகளைக் கையாளத் தெரிந்ததனால் மனிதனின் வாழ்வு வளர்ந்தது. கணினிக்கு ஆணைகள் எழுதும் நிரலருக்கும் கருவிகள் உண்டு. அவற்றுள் 'நீட்சி' எனப்படும் சிறுமென்பொருள்கள் இன்று பெரிதும் பயன்படுகின்றன. அவை எவ்வாறு உதவுகின்றன? எங்கு விழிப்பு வேண்டும்? கற்கும் பருவத்தினர் அவற்றை எந்த அளவில் கைக்கொள்ளலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

நிரலர் ஒருவர் தம் பணிநேரம் முழுவதும் புதிய நிரல்களை எழுதிக்கொண்டே இருப்பார் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. முன்பு தாமோ பிறரோ எழுதிய நிரலைப் படிப்பதும், அதிலுள்ள பிழையைத் தேடுவதும், ஓரிடத்தில் செய்த மாற்றம் வேறோர் இடத்தைப் பாதிக்கிறதா என ஆராய்வதுமே அவரது உழைப்பின் பெரும்பகுதியாகும். எனவே, நிரலருக்குத் தேவைப்படுவது விரைவாக எழுத உதவும் கருவி மட்டுமன்று. தெளிவாகப் படிக்கவும் பிழையின்றிச் சிந்திக்கவும் உதவும் கருவியே ஆகும். நீட்சிகளின் பயனை இந்த நோக்கிலிருந்தே மதிப்பிட வேண்டும்.

நீட்சி என்பது யாது?

நிரல் என்பது அடிப்படையில் வெறும் உரையே. எளிய உரைத்திருத்தி ஒன்று இருந்தாலே சி++ நிரலையும் பைத்தான் நிரலையும் எழுதிவிடலாம். நிரல் எழுதுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட உரைத்திருத்தியை நிரல்திருத்தி என்கிறோம். நிரல்திருத்தியின் அடிப்படை அமைப்பில் இல்லாத ஒரு திறனைப் பின்னர் இணைத்துக்கொள்ள உதவும் சிறுமென்பொருளே நீட்சி.

எல்லாத் திறன்களையும் முதலிலேயே திருத்தியினுள் அமைத்துவிடலாமே என்னும் ஐயம் எழலாம். இணையத்தளம் அமைப்பவரின் தேவை ஒன்று. அறிவியல் கணக்கீடு செய்பவரின் தேவை மற்றொன்று. கைப்பேசிச் செயலி உருவாக்குபவரின் தேவை வேறொன்று. அனைவருக்கும் வேண்டிய அனைத்தையும் ஒரே மென்பொருளில் அடைத்தால் அது எவருக்கும் பயன்படாத பெருஞ்சுமையாகிவிடும். தமிழ் ஓர் ஒட்டுநிலை மொழி. சிறிய அடிச்சொல் ஒன்றனோடு உருபும் விகுதியும் தேவைக்கேற்ப ஒட்டிப் பொருளை விரிக்கின்றன. அடிச்சொல்லின் ஆற்றல் பெருகுகிறது. நிரல்திருத்திக்கும் நீட்சிக்கும் உள்ள உறவும் இத்தகையதே.

வளர்ந்த வரலாறு

இக்கருத்து புதியதன்று. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 'ஈமாக்ஸ்' என்னும் உரைத்திருத்தி உருவானது. அங்குப் பணியாற்றியோர் தத்தமக்கென எழுதி வைத்திருந்த குறுங்கட்டளைகளை ஒருங்கிணைக்கும் முயற்சியிலிருந்து அது பிறந்தது. கை ஸ்டீல், ரிச்சர்டு ஸ்டால்மன் ஆகியோர் அப்பணியில் முன்னின்றனர். பயன்படுத்துவோரே தம் கருவியை மாற்றியமைக்கலாம் என்பதே அதன் சிறப்பு. பின்னர் 1991இல் பிராம் மூலெனார் என்னும் நெதர்லாந்து நாட்டு நிரலர் வெளியிட்ட 'விம்' திருத்தியும், 2001இல் வெளிவந்த 'எக்லிப்ஸ்' என்னும் உருவாக்கச் சூழலும் அவ்வழியிலேயே வளர்ந்தன.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' என்னும் நிரல்திருத்தியை அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் அதன் மூலநிரல் பொதுவெளியில் வைக்கப்பட்டது. நீட்சிகளை இணைக்கும் வசதியும் அப்போதே தரப்பட்டது. உலகின் எம்மூலையில் இருப்பவரும் ஒரு நீட்சியை எழுதிப் பிறருக்கு வழங்கலாம் என்னும் நிலை அதன் வளர்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று. அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஓர் ஆய்வகத்திற்குள் நிகழ்ந்த பகிர்வு, இன்று உலகளாவிய பகிர்வாக விரிந்துள்ளது.

கண்ணுக்குத் துணை

பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இருக்காது. குறில் நெடில் வேறுபாடு தெளிவாகத் தோன்றாது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. சுவடிகளை அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் சொற்களைப் பிரித்து, புள்ளியும் நிறுத்தற்குறிகளும் இட்டு, பாடல்களைப் பத்தி பிரித்துத் தந்தனர். நூலாசிரியர் சொன்ன பொருளை அவர்கள் மாற்றவில்லை; அப்பொருளை அடையும் வழியைச் செப்பனிட்டனர்.

நிரலைப் படிப்போருக்கு அத்தகைய உதவியைச் செய்வன ஒருவகை நீட்சிகள். அவை சிறப்புச்சொற்களை ஒரு நிறத்திலும், மாறிகளை மற்றொரு நிறத்திலும், மேற்கோளுக்குள் அமைந்த சரங்களை வேறொரு நிறத்திலும் காட்டுகின்றன. ஒரு சரத்தின் இறுதியில் மேற்கோள்குறியை இட மறந்தால், அதனை அடுத்து வரும் பகுதியும் சரத்தின் நிறத்திற்கு மாறிவிடும். பிழை இன்னதென ஆராய்வதற்கு முன்பே, பிழை உண்டு என்பதைக் கண் உணர்ந்துவிடுகிறது. அடைப்புக்குறிகள் ஒன்றனுள் ஒன்றாக ஐந்தாறு நிலைகள் அமையும் இடங்களில், எந்தத் திறப்புக்கு எந்த மூடல் இணை என்பதை நிறத்தாலேயே அறியலாம்.

நிறங்களை வேறுபடுத்திக் காண்பதில் இடர்ப்பாடு உடையோர் தமக்கேற்ற வண்ணத் தொகுப்பை நீட்சி வழியே பெறலாம். பார்வைத் திறன் குறைந்தோர் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே மிகுந்த வேறுபாடு காட்டும் தொகுப்பைத் தெரிவு செய்யலாம். ஒரே திருத்தி ஒவ்வொருவரின் கண்ணுக்கும் ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்வது அழகுக்காக மட்டுமன்று. பலரைப் பணிக்குள் சேர்த்துக்கொள்ளும் நேர்மையும் அதில் உண்டு.

பிழை சுட்டும் நண்பன்

சி++ மொழியில் ஒற்றைச் சமக்குறி மதிப்பை இருத்தும். இரட்டைச் சமக்குறி இரு மதிப்புகளை ஒப்பிடும். 'மதிப்பெண் 35ஆக இருந்தால் ஒரு செய்தியைக் காட்டுக' என எழுத விரும்பிய மாணவர், நிபந்தனைக்குள் தவறுதலாக ஒற்றைச் சமக்குறியை இட்டுவிட்டார் எனக் கொள்வோம். மொழியின் தொடரியலில் அது குற்றமன்று. நிரல்பெயர்ப்பி அதனை ஏற்றுக்கொள்ளும். ஆனால், நிபந்தனை ஒப்பிடும் செயலைச் செய்யாமல், மாறியில் 35 என்னும் மதிப்பை இருத்திவிடும். சுழியல்லாத எந்த மதிப்பும் 'சரி' எனக் கொள்ளப்படுவதால், ஒவ்வொரு மாணவருக்கும் அச்செய்தி தோன்றும். ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் 35ஆக மாறும். இலக்கணம் பிழையாத தொடர் பொருள் பிழைத்தது போன்றது இது.

இத்தகைய ஐயத்திற்குரிய இடங்களைத் தேடிக் காட்டும் மென்பொருள் ஒன்றை 1978இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக உருவாக்கினார். துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துகளைக் குறிக்கும் 'லின்ட்' என்னும் சொல்லே அதன் பெயராயிற்று. ஆடை முழுமையாக இருக்கும். ஆயினும் அதில் ஒட்டிய துகள்களை அகற்றவேண்டும் என்பது அப்பெயரின் குறிப்பு. அக்காலத்தில் நிரலை எழுதி முடித்தபின் அதனைத் தனியே இயக்கிப் பார்த்தனர். இன்று நீட்சிகள் வழியே அப்பணி எழுதும்போதே நிகழ்கிறது. ஐயத்திற்குரிய வரியின்கீழ் நெளிகோடு ஒன்று தோன்றுகிறது. காரணமும் உடன் காட்டப்படுகிறது. தேர்வுத்தாளைத் திருத்தி ஒரு திங்கள் கழித்துத் தரும் ஆசிரியரைவிட, எழுதும்போதே அருகில் நின்று பிழையைச் சுட்டும் ஆசிரியரிடம் மாணவர் விரைவாகக் கற்பர் அன்றோ?

பெயர் மாற்றத்திலும் இத்துணையின் அருமை விளங்கும். ஒரு நிரலில் 'எண்' என்னும் மாறியும் 'எண்ணிக்கை' என்னும் மாறியும் உள்ளன. முதல் மாறியின் பெயரை 'வரிசை' என மாற்ற வேண்டும். எளிய உரைத்திருத்தியில் தேடி மாற்றும் கட்டளையைக் கவனமின்றி இட்டால், 'எண்ணிக்கை' என்பதும் சிதைந்து 'வரிசைணிக்கை' ஆகிவிடும். எழுத்துகளை மட்டும் பார்க்கும் கருவிக்குச் சொல்லின் எல்லை தெரியாது. நிரலின் அமைப்பை அறிந்த நீட்சியோ அந்த மாறி வரும் இடங்களை மட்டும் கண்டறிந்து மாற்றும். எழுத்தைப் பார்ப்பதற்கும் பொருளைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பலருக்கும் பொதுவான நெறிமுறை

இவ்வசதிகள் முற்காலத்தில் எல்லாருக்கும் கிட்டவில்லை. அதற்கு ஒரு கணக்கே தடையாக இருந்தது. பத்து நிரல்மொழிகளும் எட்டுத் திருத்திகளும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மொழியின் இலக்கணத்தையும் ஒவ்வொரு திருத்திக்கும் தனித்தனியே கற்பிக்க வேண்டுமாயின் எண்பது மென்பொருள்கள் தேவை. சிறிய மொழிகளும் சிறிய திருத்திகளும் இப்போட்டியில் பின்தங்கின.

2016ஆம் ஆண்டில் 'மொழிச் சேவையக நெறிமுறை' அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு மொழிக்கும் அதன் இலக்கணம் அறிந்த சேவையகம் ஒன்றிருக்கும். ஒவ்வொரு திருத்தியும் அச்சேவையகத்தோடு பொதுவான நெறிமுறையில் உரையாடும். 'இந்த மாறி எங்கு அறிவிக்கப்பட்டது?' எனத் திருத்தி வினவும். சேவையகம் விடை தரும். இம்முறையில் பத்து மொழிகளுக்கும் எட்டுத் திருத்திகளுக்கும் பதினெட்டு மென்பொருள்களே போதும். பெருக்கல் கூட்டலாகிவிட்டது. இதனால் பெருநிறுவனத்தின் மொழிக்குக் கிட்டும் வசதி, ஒரு சிறு குழு உருவாக்கிய மொழிக்கும் கிட்ட வழி பிறந்தது.

குழுவாகப் பணியாற்றுவோருக்கு நிரலை ஒரே சீராக அமைக்கும் நீட்சிகளும் உதவுகின்றன. உள்தள்ளலுக்கு இரண்டு இடைவெளியா, நான்கா? நெளிவு அடைப்புக்குறி அதே வரியிலா, அடுத்த வரியிலா? இத்தகைய வினாக்களில் அறிவுடையோரும் நெடுநேரம் வாதிட்டதுண்டு. விதியை ஒருமுறை முடிவு செய்து நீட்சியிடம் ஒப்படைத்துவிட்டால், கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் அது நிரலைச் சீர்செய்துவிடும். வாதம் ஓய்கிறது, சிந்தனை உரிய இடத்திற்குத் திரும்புகிறது.

தெரிந்து தெளிவோம்

சில மொழிகள் வலமிருந்து இடமாக எழுதப்படுகின்றன. அவற்றைக் கணினியில் காட்டுவதற்கெனக் கண்ணுக்குப் புலப்படாத திசைக்குறிகள் உள்ளன. அவற்றைத் தீய நோக்கோடு நிரலில் செருகினால், மனிதர் படிக்கும் வரிசை ஒன்றாகவும் நிரல்பெயர்ப்பி படிக்கும் வரிசை மற்றொன்றாகவும் அமையக்கூடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் இதனை வெளிப்படுத்தினர். அதன்பின் நிரல்திருத்திகள் இத்தகைய மறைகுறிகளைச் சுட்டிக்காட்டத் தொடங்கின.

மறுப்பும் மறுமொழியும்

'இவ்வளவு உதவியும் மாணவரைச் சோம்பலுக்குள் தள்ளாதா?' என்பது பலர் எழுப்பும் மறுப்பு. இதனை எளிதில் புறந்தள்ள இயலாது.

முற்காலத்தில் மாணவர்கள் செய்யுள் வடிவிலான நிகண்டுகளை மனப்பாடம் செய்தே சொற்பொருள் அறிந்தனர். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி, சொற்களை அகரவரிசையில் அமைத்துத் தந்தது. வேண்டும்போது புரட்டிப் பார்க்கும் வசதி வந்தபின் தமிழறிவு குன்றிவிடவில்லை. அது மேலும் பலருக்குப் பரவியது. ஆயினும், அகராதியை அருகில் வைத்துக்கொண்டு நூல்களையே படிக்காதவருக்குச் சொல்வளம் வாய்ப்பதில்லை. குறை அகராதியில் இல்லை. அதனைப் படிப்புக்கு மாற்றாகக் கொண்டதில் உள்ளது.

நீட்சிகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். உழைப்பு இருவகைப்படும். விடுபட்ட அடைப்புக்குறியை ஐந்நூறு வரிகளுக்குள் தேடுவது ஒருவகை. அவ்வுழைப்பு நேரத்தை உண்ணும். ஒருமுறை பட்டறிந்தபின் புதிதாக எதையும் கற்பிக்காது. ஒரு சிக்கலை எந்தப் படிகளாகப் பிரிப்பது, எந்த நிபந்தனையில் மடக்கு நிற்க வேண்டும் என எண்ணிப் பார்ப்பது மற்றொருவகை. அவ்வுழைப்பே நிரலரை உருவாக்குகிறது. முதல்வகை உழைப்பை நீட்சியிடம் ஒப்படைக்கலாம். இரண்டாம் வகை உழைப்பை எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது. இதுவே என் நிலைப்பாடு.

2021ஆம் ஆண்டு முதல், செயற்கை நுண்ணறிவின் துணையோடு நிரலின் அடுத்த வரியையோ முழுச் செயற்கூற்றையோ எழுதித்தரும் நீட்சிகள் பரவத் தொடங்கியுள்ளன. தொழில் கற்றுத் தேர்ந்தவருக்கு அவை நேரத்தை மிச்சப்படுத்தலாம்; தரப்பட்ட விடை சரியா எனச் சோதிக்கும் ஆற்றல் அவரிடம் உண்டு. அவ்வாற்றல் இன்னும் வாய்க்காத தொடக்கநிலை மாணவருக்கு அதே உதவி ஊறாகக்கூடும். விடை வந்துவிடுகிறது, வினாவோடு போராடிய அனுபவம் வரவில்லை. எழுத்துத் தேர்வில் வெள்ளைத்தாளும் எழுதுகோலும் மட்டுமே துணை. தேர்வைவிடப் பெரிதாக, பிற்காலத்தில் ஒரு மருத்துவமனைக்கோ வங்கிக்கோ எழுதும் நிரல் பிழைக்கும்போது, அதன் காரணத்தை விளக்க வேண்டிய பொறுப்பும் எழுதியவருடையதே.

நம்பிக்கையின் எல்லை

வீட்டின் சாவியை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் அவரைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறோம். நீட்சியை நிறுவும்போது அவ்வளவு விசாரிப்பதில்லை. விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற திருத்திகளில் ஒரு நீட்சி, அத்திருத்திக்குரிய உரிமைகள் அனைத்தோடும் இயங்குகிறது. நம் கோப்புகளைப் படிக்கவும், இணையத்தோடு தொடர்பு கொள்ளவும், பிற மென்பொருள்களை இயக்கவும் அதனால் இயலும். தீங்கு விளைவிக்கும் நீட்சிகள் நீட்சிச் சந்தையில் கண்டறியப்பட்டு நீக்கப்பட்டதும் உண்டு. புகழ்பெற்ற நீட்சியின் பெயரைச் சிறிதே திரித்து வைத்து ஏமாற்றுவோரும் உளர்.

எனவே, நிறுவுமுன் சில வினாக்களை எழுப்ப வேண்டும். இதனை வெளியிட்டவர் யார்? அண்மையில் புதுப்பிக்கப்பட்டுள்ளதா? இதன் மூலநிரல் பிறர் பார்க்கக் கிடைக்கிறதா? இது செய்யும் பணி எனக்கு உண்மையிலேயே தேவையா? கடவுச்சொற்களை நிரலுக்குள் எழுதி வைக்கும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும்.

நீட்சிகளின் எண்ணிக்கையும் கருதத்தக்கது. ஒவ்வொன்றும் நினைவகத்தில் இடம் பிடிக்கிறது. திறன் மிகுந்த கணினியில் அச்சுமை தெரியாமல் போகலாம். பழைய கணினியில் திருத்தியே தள்ளாடத் தொடங்கும். தேவையற்றவற்றை அவ்வப்போது நீக்கிவிடுவது, தேர்ந்தெடுத்து நிறுவுவதைப் போலவே இன்றியமையாத பழக்கமாகும்.

பயில்வோர் கொள்ளத்தக்க முறை

தொடக்கநிலையில் வண்ணம் காட்டும் நீட்சியும், பயிலும் மொழிக்குரிய பிழை சுட்டும் நீட்சியும் போதும். பிழை சுட்டப்பட்டவுடன் 'சரிசெய்க' என்னும் பொத்தானை அழுத்தாமல், காட்டப்படும் விளக்கத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். சீரமைக்கும் நீட்சியைச் சில வாரங்கள் கழித்துச் சேர்க்கலாம். உள்தள்ளலின் பயனைக் கையால் எழுதி உணர்ந்தபின் அதன் அருமை விளங்கும். பைத்தான் மொழியில் உள்தள்ளல் அழகுக்காக அன்றி இலக்கணமாகவே அமைந்திருப்பதால் இப்பயிற்சி அங்கு மிகவும் தேவை. நிரலை எழுதித்தரும் நீட்சிகளை, தாமே ஒரு விடையை எழுதி முடித்தபின், ஒப்பிட்டுப் பார்க்கும் நோக்கில் மட்டும் நாடலாம். திங்களுக்கு ஒருமுறையேனும் எல்லா நீட்சிகளையும் முடக்கிவிட்டு ஒரு சிறு நிரலை எழுதிப் பார்ப்பது தம் ஆற்றலைத் தாமே அளந்தறியும் வழியாகும்.

பகிர்வின் பயன்

நீட்சிகளின் உலகில் மற்றொரு பாடமும் உண்டு. விஷுவல் ஸ்டுடியோ கோட் திருத்தியில் அடைப்புக்குறி இணைகளுக்கு நிறமூட்டும் நீட்சி ஒன்றைத் தனிநிரலர் ஒருவர் எழுதி வழங்கினார். பல இலட்சம் பேர் அதனைப் பயன்படுத்தினர். ஆயினும் மிகப்பெரிய கோப்புகளில் அது மெதுவாக இயங்கியது. நீட்சி என்ற வகையில் அதற்கிருந்த எல்லைகளே அதற்குக் காரணம். 2021இல் திருத்தியை உருவாக்கும் குழுவினரே அவ்வசதியை மிகுந்த விரைவோடு இயங்குமாறு திருத்தியின் உள்ளமைப்பில் சேர்த்தனர். தம் தேவைக்காக ஒருவர் செய்த முயற்சி, அனைவருக்கும் உரிய வசதியாக மலர்ந்தது.

விம் திருத்தியை உருவாக்கிய பிராம் மூலெனார் அதனை விலையின்றி வழங்கினார். பயன்படுத்துவோர் விரும்பினால் உகாண்டா நாட்டின் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவுமாறு அதிலேயே வேண்டுகோள் விடுத்தார். 2023இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணி தொடர்கிறது. நாம் ஒரு நொடியில் நிறுவிக்கொள்ளும் நீட்சியின் பின்னே, எவரோ ஒருவரின் ஓய்வுநேர உழைப்பு இருக்கக்கூடும். அதில் பிழை கண்டால் கடிந்துரைப்பதை விடுத்து, பிழை எவ்வாறு தோன்றியது எனத் தெளிவாக எழுதி அனுப்புவதும் ஒரு கைம்மாறே. மூலநிரலைத் திறந்து பார்த்துக் கற்பதும், நாளை தாமே ஒரு சிறு நீட்சியை எழுதி வழங்குவதும் அதனினும் சிறந்த கைம்மாறு.

நீட்சிகள் நிரலரின் நேரத்தைக் காக்கின்றன, கண்ணுக்குத் தெளிவு தருகின்றன, பிழையை முன்னரே உணர்த்துகின்றன, குழுவை ஒன்றிணைக்கின்றன. இவற்றை மறுப்பது அறிவுடைமையன்று. ஆனால், சிக்கலைப் புரிந்துகொள்ளும் பணியை அவை நமக்காகச் செய்யமாட்டா. குறைவாகத் தேர்ந்து, தேர்ந்ததை முழுமையாக அறிந்து, மிச்சமாகும் நேரத்தைச் சிந்தனைக்குச் செலவிடுபவருக்கே அவற்றின் முழுப்பயன் கிட்டும்.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கருவிகளைப் 'சிந்தனையை வளர்ப்பவை', 'சிந்தனைக்கு மாற்றாக நிற்பவை' என வகைப்படுத்திக் காரணங்களுடன் எழுதுக.

2. 'செயற்கை நுண்ணறிவின் துணை மாணவருக்கு வரமா, தடையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. கட்டுரையில் இடம்பெற்றுள்ள கணினித்துறைக் கலைச்சொற்களைத் தொகுத்து, அகரவரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் விளக்கம் எழுதுக.